நிதானம் உட்பட 190 கிலோமீட்டர்

தாராபுரத்தில் இறந்துபோனவர்களைக் கெடாமல் வைத்திருக்கும் பொறுப்பு பதினெட்டு வருடங்களாகச் சென்னியப்பனிடம் இருந்தது. நான்கு ஃப்ரீசர் பாக்ஸ், ஒரு டீசல் பிக்கப், நாச்சிமுத்து என்று ஒரு ஓட்டுநர். இவ்வளவுதான் தொழில். விசிட்டிங் கார்டில் மட்டும் 'இறுதிப் பயண ஆலோசகர்' என்று போட்டிருந்தார். அந்தப் பயணம் போன யாரும் அவரிடம் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் ஊரில் டீசல் கிடைக்கும் பங்க் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதிலும் பாதி இடத்தில் இளநீர் விற்றார்கள். டீசல் வண்டியில் பெட்டியைக் கொண்டுபோனால், மின்சாரம் போகும் வீடுகளுக்கு ஜெனரேட்டரும் தனியாகத் தூக்கிப் போகவேண்டும். ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தில் அழுகிறவர்களுக்குத் தாங்கள் அழுவது கேட்காது. மின்சார பிக்கப் என்றால் வண்டியின் பேட்டரியிலேயே பெட்டியை ஓட்டலாம், சத்தம் இல்லை, புகை இல்லை. இவையெல்லாம் சென்னியப்பன் வெளியே சொன்ன காரணங்கள். உடுமலையில் இதே தொழில் செய்கிறவன் வாங்கிவிட்டான் என்பது சொல்லாத காரணம்.

கோயம்புத்தூரிலிருந்து ஹேமச்சந்திரன் என்ற விற்பனைப் பிரதிநிதி வந்தார். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் ஒரே அளவுள்ள புன்னகை. எழவு விழுந்தால் ஆள் தேடி வரும் கடை அது என்பதைப் பற்றி அந்தப் புன்னகைக்குக் கவலை இல்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் என்றார். சென்னியப்பன் நம்பவில்லை. ஒரு நாள் நாச்சிமுத்துவிடம் வண்டியைக் கொடுத்து நிஜமான வேலைக்கே அனுப்பிப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டில் பேட்டரி கையை விரித்துவிட்டது.

சென்னியப்பன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி போட்டு எழுதி வைத்திருந்தார். நூற்றுத் தொண்ணூறு ஓடினால் ஒரே நாளில் வெள்ளக்கோவில் ஒரு சாவு, உடுமலைப் பக்கம் ஒரு சாவு என்று இரண்டையும் பார்த்துவிடலாம். வண்டி கட்டுபடியாகும். நூற்று நாற்பத்திரண்டு என்றால் யாராவது ஒருவர் அடுத்த நாள் சாகவேண்டும். கட்டுபடியாகாது.

ஹேமச்சந்திரன் பதறவில்லை. டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். குறைந்த நாற்பத்தெட்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று வண்டியே எழுதி வைத்திருந்தது. காற்று: ஏழு. ஓட்டுநர்: நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணையும் இவன் தின்னுட்டானா?" என்றார் சென்னியப்பன்.

கதவோரம் நின்றிருந்த நாச்சிமுத்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். நாற்பத்தாறு வயது. இந்தக் கடையில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன்.

"சார், வண்டிக்குச் செலவு வெக்கறது ரோடு இல்ல, டிரைவரோட மனசு" என்றார் ஹேமச்சந்திரன். "இங்க பாருங்க. ஒரு மினி பஸ் குறுக்க வந்திருக்கு. அண்ணன் கோபப்பட்டு மிதிச்சிருக்காரு, அப்புறம் பிடிச்சிருக்காரு. அங்க ரெண்டு கிலோமீட்டர். இங்க, அலங்கியத்துல பெட்டிய இறக்கிட்டுத் திரும்பறப்ப, பன்னெண்டு நிமிஷம் கால் ஒரு சீராவே இல்ல. அங்க நாலு."

"அலங்கியத்துல ஒரு சின்னப் புள்ளைங்க" என்றான் நாச்சிமுத்து. "ரெண்டாங் கிளாஸ்."

"புரியுதுண்ணா. வண்டிக்கு அது தெரியாதில்ல" என்றார் ஹேமச்சந்திரன், வண்டிக்காக வருத்தப்படுகிறவர்போல. "காத்த நம்மால ஒண்ணும் பண்ண முடியாது சார். டிரைவர பண்ணலாம்."

பண்ணுவதற்கு ஒரு சாதனம் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தலை சாயும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. காதுக்குப் பின்னால் ஓடும் ஒரு நரம்பை அது மெல்லத் தடவிக் கொடுக்கும், உறைக்கவே உறைக்காது. கோபம், பயம், துக்கம் எல்லாம் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும், உள்ளே வராது. கால் சீராக மிதிக்கும். இறங்கி நாலு மணி நேரத்தில் ஆள் பழையபடி ஆகிவிடுவார். கம்பெனி இதற்கு வைத்திருந்த பெயர் 'நிதானம்'. மாதச் சந்தா தனி.

சென்னியப்பனுக்கு அந்தப் பெயரில் ஒரு சங்கடம். தாராபுரத்தில் 'ஆள் நிதானத்தில் இல்லை' என்றால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

"நம்ம ஆளு நிதானத்துலதானுங்க ஓட்டுவான்" என்றார். "சனிக்கிழமை ஒரு நாளைக்குத்தான் கொஞ்சம் முன்னப்பின்ன."

அதையும் சேர்த்தே பட்டை பார்த்துக்கொள்ளும் என்றார் ஹேமச்சந்திரன். ஓட்டுநரே இல்லாமல் தானாக ஓடும் வண்டியும் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிப் படம் காட்டினார். ஆளில்லாத வண்டி ஒன்று தானாக வந்து வாசலில் நின்று பிணத்துக்குக் காத்திருப்பதை இந்த ஊர் பார்த்தால், அடுத்து அதில் தன்னைத்தான் ஏற்றுவார்கள் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. வேண்டாம் என்றுவிட்டார்.

நாச்சிமுத்துவிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "நீ பட்டைல சாஞ்சீன்னா வண்டி கட்டும். இல்லீன்னா கட்டாது. வண்டி கட்டலைன்னா கடையும் கட்டாது" என்றார் சென்னியப்பன். பதினொரு பக்கத்துக்கு ஒரு ஒப்புதல் படிவம் இருந்தது. நாச்சிமுத்து கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் பத்துப் பக்கம் எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

*

நாச்சிமுத்துவுக்கு ஒரு பெயர் இருந்தது. பெட்டி வேண்டும் என்று போன் செய்கிறவர்கள் அவனையே அனுப்பச் சொல்வார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இழவு வீட்டில் எங்கே நிற்பது, எதைக் கேட்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். முக்கியமாக, கிளம்பும்போது 'வர்றேன்' சொல்லமாட்டான்.

மற்ற எந்த வீட்டிலிருந்தும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லாமல் யாரும் படி இறங்குவதில்லை. இழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. திரும்பி வருவதற்கு அங்கே என்ன வேலை, இன்னொரு சாவுக்கா? வாயைத் திறக்காமல், யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விடவேண்டும். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒருமுறைகூட நாக்கு தவறியதில்லை.

அதற்கு ஈடுகட்டுவதுபோல வீட்டில் அதைச் சொல்லாமல் கிளம்பமாட்டான். கடைத்தெருவுக்குப் போனாலும் வாசலில் நின்று "வர்றேன் புள்ளே" என்பான். என்றாவது அவசரத்தில் மறந்துபோனால், அவன் மனைவி பாப்பாத்தி தெருமுனை வரை ஓடிவந்து கூப்பிட்டு, திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சொல்லவைத்து அனுப்புவாள். நாளெல்லாம் பிணத்தோடு போகிற ஆள், அந்த ஒரு வார்த்தையாவது பாக்கி இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

வண்டி வந்த புதிதில் பாப்பாத்திதான் அதற்குக் குங்குமம் வைத்தாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். முதல் மாதத்திலேயே சனிக்கிழமைக் குடி நின்றுபோனது. யாரும் சொல்லி நிறுத்தவில்லை. பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, எதற்கு என்று தோன்றி, கீழே வைத்துவிட்டான். குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவது நின்றது. மாமனார் இறந்ததிலிருந்து பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருவது நின்றது. பாப்பாத்தி அக்கம்பக்கத்தில், எங்க வீட்டுக்காரர் இப்போது ரொம்ப நிதானம் என்று சொல்லிக்கொண்டாள். அவர்கள் பழைய அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள்.

சென்னியப்பனின் போனில் ஒவ்வொரு நாளும் வண்டியிலிருந்து கணக்குச் சீட்டு வந்தது. ஓட்டுநர்: முப்பது. ஓட்டுநர்: பன்னிரண்டு. ஓட்டுநர்: மூன்று. நான்காம் மாதம் ஓட்டுநர் பூஜ்யம் ஆனான். அன்று கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அதற்குள் அந்த இருக்கைக்கு வேறொரு உபயோகமும் வந்திருந்தது. ஒரு வீட்டில் அம்மாவைப் பறிகொடுத்த பெண் மயங்கி விழுந்தபோது, கொஞ்சம் ஏசியில் உட்காரட்டும் என்று ஓட்டுநர் இருக்கையில் சாய்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தாள். தலையை ஒதுக்கி முடிந்துகொண்டு, வந்தவர்கள் எல்லோரும் காபி குடித்தாயிற்றா என்று கேட்டாள். செய்தி பரவியது. அடுத்தடுத்த வீடுகளில் மகன்கள், மருமகள்கள், ஒரு வீட்டில் சம்பந்தியம்மாள்கூட வரிசையில் நின்றார்கள். சென்னியப்பன் கட்டணப் பலகையில் ஒரு வரி சேர்த்தார்: 'ஆறுதல் இருக்கை – ஐந்து நிமிடம்.'

ஊருக்கு அது பிடித்துப்போனது. வாசலில் யாரும் புரண்டு அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்கள். "ரொம்ப டீசண்டான சாவு" என்று பேசிக்கொண்டார்கள். வசதியுள்ள வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டால், பாவம், பெட்டிக்கு மட்டும்தான் பணம் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைக்கும் நிலை வந்தது.

*

அந்த நிலையில்தான் எண்ணெய் ஆலை பொன்னுரங்கத்தின் அப்பா இறந்தார்.

பெரிய வீடு. காரியமெல்லாம் ஒழுங்காக நடந்தது. உடலை எடுத்த பிறகு நாச்சிமுத்து பெட்டியைத் துடைத்து, வயரைச் சுற்றி, வண்டியில் ஏற்றினான். சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்த பொன்னுரங்கம் வாசலில் நின்றிருந்தார். நாச்சிமுத்து அவரிடம் போய், கையைக் குவித்து, வேறு எந்த வீட்டிலும் சொல்வதுபோலச் சொன்னான்:

"அப்ப நான் போய்ட்டு வர்றனுங்க."

பொன்னுரங்கம் அன்று காலையில் இரண்டு முறை இருக்கையில் உட்கார்ந்து வந்தவர். "சரி, வாங்க வாங்க" என்றார்.

இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. உள்ளே கூடத்தில் பொன்னுரங்கத்தின் அத்தை இருந்தார். மூட்டு வலி காரணமாக வண்டியில் ஏற முடியாதவர். அதனால் அந்த வீட்டில் அன்று முழுசாக இருந்த ஒரே ஆள். அவர் காதில் விழுந்துவிட்டது. பதினாறாம் நாள் முடிவதற்குள் அத்தையின் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அவருக்குத் தொண்ணூற்றொரு வயது, இரண்டு முறை பால் ஊற்றியும் பிழைத்து எழுந்தவர் என்பதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டிக்காரன் 'வர்றேன்' என்று சொன்னான், சொன்னபடி வந்துவிட்டான். அவ்வளவுதான்.

அதற்கடுத்த வாரம் மூன்று வீடுகளுக்கு உடுமலையிலிருந்து பெட்டி வந்தது.

சென்னியப்பன் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுத் திட்டினார். அரை மணி நேரம் திட்டினார். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். முடிந்ததும் "சரிங்க" என்றான். திட்டு எங்கேயும் போய் விழாமல் தரையில் கிடப்பதைப் பார்த்து அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. ஹேமச்சந்திரனுக்குப் போன் போட்டார். அவர் கவலையே வேண்டாம் என்று, இனி விடைபெறுகிற வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்படி அன்று மாலையே மென்பொருளை மாற்றி அனுப்பினார். மறுநாள் குண்டடத்தில் ஒரு வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, வண்டி தேன் ஒழுகும் பெண் குரலில், "நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்றது.

அந்தக் குரலின் வயரை சென்னியப்பன் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டார். பிறகு நாச்சிமுத்துவிடம், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"இங்க பாரப்பா. இனிமே கெளம்பறப்ப எங்கயும் எதுவும் பேசாத. வாயே தொறக்கப்படாது. எந்திரிச்சியா, போனியா, அவ்வளவுதான்."

"சரிங்க" என்றான் நாச்சிமுத்து.

*

மறுநாள் காலை அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனான்.

பாப்பாத்தி அடுப்படியில் இருந்தாள். மறந்துவிட்டான் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் மறந்தான். மூன்றாம் நாள் தெருமுனை வரை போய்க் கூப்பிட்டாள். திரும்பி வந்தான், தண்ணீரைக் குடித்தான், டம்ளரைக் கொடுத்தான், நடந்தான். நான்காம் நாள் அவள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணுமல்ல?"

"மொதலாளி சொல்ல வேண்டாம்னுட்டாரு."

"எழவூட்டுல சொல்ல வேண்டாம்னாரு. இது எழவூடா?"

நாச்சிமுத்து யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். விடை இருக்கிற கேள்விக்கு யோசிப்பதுபோல நின்று யோசித்தான். அதுதான் பாப்பாத்திக்குத் தாங்கவில்லை.

"எங்கயும்னாரு" என்றான் கடைசியில்.

அன்று மத்தியானம் அவள் கடைக்குப் போனாள். சென்னியப்பன் எழுந்து நாற்காலி போட்டார். ஓட்டுநரின் மனைவிக்கு நாற்காலி போடும் மனிதர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

பாப்பாத்தி சுற்றி வளைக்கவில்லை. பட்டையைக் கழற்றிவிடச் சொன்னாள். சென்னியப்பன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு பத்தியையும் காட்டினார். பட்டை இல்லையென்றால் காற்று அடிக்காத நாளில் நூற்று நாற்பத்தொன்பது, அடிக்கிற நாளில் நூற்று நாற்பத்திரண்டு என்று விளக்கினார். வண்டியை விற்கவேண்டியதுதான். அப்புறம் நாச்சிக்கு என்ன வேலை கொடுப்பது?

"அந்த நாப்பத்தொண்ணு கிலோமீட்டர யாரு குடுப்பா அம்மிணி?" என்று நியாயமாகக் கேட்டார்.

"எங்கிட்ட கிலோமீட்டர் இல்லீங்க" என்றாள் பாப்பாத்தி.

நாலு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுவான் என்றார்களே, ஆகவில்லை என்று சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில்தான் இருந்தான். அவளுடைய அப்பாவின் திவசம். மாமனாரும் மருமகனுமாக ஆட்டுச் சந்தைக்கு ஒரே சைக்கிளில் போனவர்கள். கடைசி மூன்று மாதம் அவருக்குச் சோறு ஊட்டியவன் இவன்தான். "படத்துக்கு முன்னால உக்காந்து சாப்புட்டாரு. வடை நல்லாருக்குதுன்னாரு. அவ்வளவுதானுங்க" என்றாள்.

சென்னியப்பன் ஹேமச்சந்திரனுக்குப் போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். நாலு மணி நேரம் என்பது சராசரி என்றார் ஹேமச்சந்திரன். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாய்ந்தால் உடம்பே அந்த நிதானத்தைக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும். கம்பெனியில் இதற்கு 'நிரந்தரச் சேமிப்பு' என்று பெயர். ஒப்புதல் படிவத்தில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

"நல்ல விஷயம்தான் சார்" என்றது போன். "ஒரு வருஷம் ஆச்சுன்னா பட்டையே தேவைப்படாது. அண்ணனே அப்படி ஆயிடுவாரு. உங்களுக்கு மாசச் சந்தா மிச்சம்."

சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று ஞாபகம் வந்து, மலர்ந்ததைத் திரும்ப மூடிக்கொண்டார். ஒரு வருடம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பாப்பாத்தி விரலை மடக்கி எண்ணுவதை அவர் பார்த்தார். அவருக்கும் மனம் என்று ஒன்று உண்டு. பட்டை இல்லாத இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் அது கொஞ்சம் வேலை செய்தது.

"நீயும் ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்து பாரம்மிணி" என்றார். "உங்கிட்டக் காசு வாங்க மாட்டன்."

வண்டி கடை வாசலில் சார்ஜில் நின்றிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. பாப்பாத்தி கிட்டே போய்ப் பார்த்தாள். பட்டையின் கறுப்பில், பல பேர் தலை எண்ணெய் படிந்து வெளுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. நடுவில் தன் வீட்டுக்காரன் தலை சாய்ந்து சாய்ந்து ஏற்பட்ட பள்ளம். அவள் கையை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க" என்றாள். "எனக்கு நோவறது எனக்கு வேணுமுங்க."

இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

*

அன்றிலிருந்து நான்கு வாரம் பாப்பாத்தி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் உப்பே போடவில்லை. சாப்பிட்டு எழுந்தான். மாமனாரின் சைக்கிளைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். "சரி" என்றான். ஒரு சனிக்கிழமை அவளே பாட்டில் வாங்கி வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை வாங்க மதுக்கடையில் அவள் எத்தனை பேர் முன்னால் நின்றிருப்பாள் என்பது, ஒரு வருடத்துக்கு முன்பு என்றால், அவனைக் கொன்றுபோட்டிருக்கும். நகர்த்தி வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். நல்லவனாகத்தான் இருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுத்தான். அவனிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை, ஃப்ரீசர் பெட்டியிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லாததுபோல.

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலை, விடிந்து வெயில் ஏறியபின், பாப்பாத்தி ஒரு பையில் நாலு சேலையும் அப்பாவின் படமும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாச்சிமுத்து வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான். மூலனூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"போறேன்" என்றாள்.

'போய்ட்டு வர்றேன்' இல்லை. வெறும் 'போறேன்'. அந்த ஊரில் அதைக் கேட்டால் சின்னக் குழந்தைகூட, அப்படிச் சொல்லாதே என்று சேலையைப் பிடித்து இழுக்கும். அவள் நின்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் நின்றாள்.

"சரி" என்றான் நாச்சிமுத்து.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். யாருக்கும் தலையசைக்கவில்லை. முறைப்படிதான் போனாள். மூலனூர் பஸ் வந்தது, நின்றது, எடுத்தது.

நாச்சிமுத்து வாயைக் கொப்பளித்தான், சட்டையை மாட்டினான், கதவைப் பூட்டினான். பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். வழக்கமாக வீட்டில் ஆள் இருப்பார்கள். அவன் பூட்டியதே இல்லை.

அன்று குண்டடத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சாவு. இருக்கையில் ஏறிச் சாய்ந்தான். திரையில் நூற்றுத் தொண்ணூறு என்று வந்தது. சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நின்றன. ஆனியிலும் ஆடியிலும் பேயாய்ச் சுற்றுபவை, மார்கழியில் கையை விரித்தபடி சும்மா நிற்கும். மினி பஸ் ஒன்று குறுக்கே வந்தது. சீராகக் காலை எடுத்தான், சீராக வைத்தான். மூலனூர் என்று அம்புக்குறி போட்ட பச்சைப் பலகை வந்தது. அதையும் அதே வேகத்தில்தான் கடந்தான்.

பெட்டியை இறக்கி, இணைப்புக் கொடுத்து, மூன்று பேர் இருக்கையில் சாய்ந்துவிட்டுப் போனபிறகு, வேலி ஓரம் நிழலில் நின்றிருந்தபோது சென்னியப்பனிடமிருந்து போன் வந்தது.

"ஏப்பா நாச்சி, சீட்டு வந்திருக்குது. இன்னிக்கு மூணு கிலோமீட்டர் கொறயுதே?"

நாச்சிமுத்து எட்டி வண்டியின் திரையைப் பார்த்தான். ஒரு சார்ஜுக்கு நூற்று எண்பத்தேழு. கீழே, காற்று: பூஜ்யம். ஓட்டுநர்: பூஜ்யம். அதற்கும் கீழே, இதுவரை பார்த்திராத ஒரு வரி. காரணம் அறியப்படவில்லை: மூன்று.

அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது என்ன என்று அவனுக்கும் தெரியவில்லை. எங்கே விழுந்தது என்று மட்டும் தெரிந்தது: பச்சைப் பலகைக்கு அப்புறம். சட்டைப் பையில் சாவி கனத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டான்.

"எதிர்காத்துங்க" என்றான்.

"மார்கழீல ஏதப்பா காத்து?"

"அடிக்குதுங்க."

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மூன்றுதானே, போகட்டும் என்பதுபோல் பெருமூச்சு விட்டார்.

"சரி. நாளைக்குச் சரியாயிரோணும், என்ன?"

அவர் 'சரிங்க' வரும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தார். போகவில்லை. அந்தப்பக்கம் ஆள் இருந்தான். வேலிக்கு மேலே, கண்ணுக்கு எட்டிய மட்டும், ஒரு காற்றாலைகூட அசையவில்லை.